அப்டேட் பாதியில் நின்றால்: சரிசெய்வதா, பின்வாங்குவதா, புதிதாகப் போடுவதா?

லினக்ஸில் அப்டேட் தோற்றுப்போனால் செய்யக்கூடியவை ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில் தோற்றது என்று தெரிந்துவிட்டால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இங்கே நான் பேசுவது உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகிய வழங்கல்களின், அதாவது லினக்ஸ் வகைகளின், குடும்பத்தைப் பற்றி. வீட்டிலும் உறவினர் கடைகளிலுமாக ஏழெட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் கீழே வரும் வழிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு தடவையாவது போய் வந்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நாம் ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறோம். உள்ளே நடப்பவை நான்கு. அப்டேட்டை நடத்தும் ஆப்ட் என்ற நிரல் முதலில் மிரரிலிருந்து, அதாவது தலைமைச் சர்வரின் நகலாக இருக்கும் சர்வரிலிருந்து, பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பட்டியலை இறக்குகிறது. அப்புறம் பேக்கேஜ்களை இறக்குகிறது. அவற்றைப் பிரித்து உரிய இடத்தில் வைத்து, ஒவ்வொன்றாக அமைப்பது டிபிகேஜி என்ற இன்னொரு நிரலின் வேலை. சிஸ்டத்தின் மையமான கெர்னலில் புதியது வந்திருந்தால், இனிட்ராம்எஃப்எஸ் என்ற துவக்கக் கோப்பு உருவாகி, கணினியைத் துவக்கும் கிரப்பின் மெனுவில் புதிய வரி சேர்கிறது. முதல் இரண்டில் தோற்றால் கணினிக்கு ஒரு கீறலும் இல்லை. மூன்றாவதில் தோற்றால் அரைகுறையாக நிற்கும். நான்காவதில் தோற்றால் பல நேரம் உடனே தெரியாது. மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியும்.

சும்மா இருப்பது

இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். அவசரக்காரர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’ என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் கேட்ட நேரத்தில் மிரர் தானே தலைமைச் சர்வரிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டுங்கள், அல்லது மென்பொருள் மூலங்கள் அமைப்பில் வேறு மிரரைத் தேர்ந்தெடுங்கள். ‘வேறொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறது’ என்று வந்தால், பின்னணியில் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிபிகேஜியின் கீழிருந்து பூட்டை உருவினால், ஒன்றுமில்லாத சிக்கலை நீங்களே நிஜச் சிக்கலாக்கிக்கொள்கிறீர்கள்.

காத்திருப்பதால் தப்பித்தவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவரவிருந்த நேரத்தில், அதிலிருந்த 6.1.64 கெர்னலால், டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் தரவு சிதையக்கூடும் என்று கண்டுபிடித்து வெளியீட்டை நிறுத்தினார்கள், திருத்தத்தோடு 12.4 வந்தது. 2024-இல் உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்குப் போகும் பாதையைத் திறந்துவிட்டு, மேம்படுத்தும் கருவியிலேயே பிழை இருக்கிறது என்று மூடி, செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். ‘அப்டேட் வந்த அன்றே போட வேண்டும்’ என்பது பாதுகாப்புத் திருத்தங்களுக்குச் சரி. பதிப்பு மாற்றத்துக்கு அது பொருந்தாது.

ஒரு விலக்கு இருக்கிறது. பட்டியல் இறக்கும்போதே வரிசையாக ‘404’ என்று வந்தால் காத்திருந்து பயனில்லை. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆயுள் ஒன்பது மாதம்தான். அதன் பிறகு அவற்றின் பேக்கேஜ்களைப் பழைய பதிப்புகளுக்கான சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். இப்படி வந்தால் நேராகக் கீழே புதிதாகப் போடும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அங்கேயே சரிசெய்வது

கணினி எழும்புகிறது, டெர்மினல் திறக்கிறது என்றால் என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். காரணம், ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நிலையில் இருக்கிறது என்று டிபிகேஜி ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வருகிறது. நடுவில் கரண்ட் போனாலும், எது பிரிக்கப்பட்டது, எது இன்னும் அமைக்கப்படவில்லை என்பது அதற்குத் தெரியும். ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்று சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது முடிந்ததும் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. அப்புறம் வழக்கமான அப்டேட், அப்கிரேட். இந்த வரிசையை மாற்றாமல் செய்தாலே, கரண்ட் போனதால் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

தீரவில்லை என்றால் கட்டளையை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். திரையில் முதலில் வந்த பிழையைத் தேடிப் படியுங்கள். கடைசியில் வரும் பத்து வரிகளும் அந்த முதல் பிழையின் குழந்தைகள். திரை நகர்ந்துவிட்டால் ‘/வார்/லாக்/ஆப்ட்’ அடைவில் முழு உரையாடலும் பதிவாகியிருக்கும்.

நான் திரும்பத் திரும்பச் சந்தித்த காரணங்கள் மூன்றுதான். முதலாவது, இடம் தீர்ந்துபோவது. ‘டிஎஃப் -எச்’ அடித்துப் பாருங்கள். டிஸ்கை மறையாக்கம் செய்து நிறுவியிருந்தால் கெர்னல்கள் இருக்கும் ‘/பூட்’ அடைவு தனிப் பகிர்வாக, அதாவது டிஸ்கின் தனிப் பகுதியாக, சிறிய அளவில் இருக்கும். நான்கைந்து பழைய கெர்னல்கள் சேர்ந்ததும் புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடமிருக்காது. ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழையவற்றைத் தூக்கிவிடும். அதுவே ஓட மறுக்கும் அளவுக்கு நிரம்பியிருந்தால், ‘யூநேம் -ஆர்’ அடித்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று பார்த்துக்கொண்டு, அதுவல்லாத மிகப் பழைய ஒன்றின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மட்டும் வெளியே நகர்த்தி இடம் உண்டாக்கலாம். நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம்.

இரண்டாவது, பிபிஏ என்ற பெயரில் நாம் என்றோ சேர்த்து மறந்துபோன வெளி மென்பொருள் களஞ்சியங்கள். ஒரு வீடியோ எடிட்டரின் புதிய பதிப்புக்காகச் சேர்த்தது, இரண்டு வருடம் கழித்து முழு அப்டேட்டையும் மறிக்கும். மூன்றாவது, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர். புதிய கெர்னலுக்கு ஏற்ப அந்த டிரைவரின் மாட்யூலை டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே கட்ட முயன்று தோற்றால், கெர்னல் பேக்கேஜே அமையாமல் நிற்கும். பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் பதிப்புக்குப் பொருத்தமான டிரைவரைப் போடுவதுதான் தீர்வு.

சரிசெய்யும்போது ஒரே ஒரு இடத்தில் கையை நிறுத்திப் படியுங்கள்: ‘பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்’ என்ற பட்டியல். அதில் சினமன், க்னோம், உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற டெஸ்க்டாப் பெயர்கள் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லி வெளியே வாருங்கள். 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியை நிறுவப்போனார். களஞ்சியத்தில் இருந்த ஒரு பிழையால் டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது. ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்று முழு வாக்கியத்தையும் தட்டினால்தான் மேலே போகும். தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. சிரிக்கலாம், ஆனால் அவசரத்தில் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

இந்த வழிக்கு நான் வைத்திருக்கும் எல்லை ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால், கோளாறைச் சரிசெய்கிறோமா, என் பிடிவாதத்தைச் சமாதானப்படுத்துகிறோமா என்று தெரியாமல் போய்விடுகிறது.

பழைய கெர்னல்

கணினி எழும்பவில்லை, கறுப்புத் திரையில் நிற்கிறது என்றால் இதை முதலில் முயலுங்கள். செலவே இல்லாத வழி. துவங்கும்போது பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால், புதிய யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டினால் கிரப் மெனு வரும். பலமுறை தட்டினால் கிரப்பின் கட்டளை வரிக்கே போய் விழுவீர்கள். மெனுவில் ‘கூடுதல் தேர்வுகள்’ உள்ளே போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் ரெகவரி மோடும் இருக்கும். அங்கிருந்து அரைகுறை பேக்கேஜ்களைச் சரிசெய்ய முடியும். எழும்பிவிட்டால் அன்றைய வேலையைப் பாருங்கள். சரிசெய்வதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோளாறு கெர்னலில் இல்லாவிட்டால் இது உதவாது. இது தற்காலிக ஏற்பாடுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான் ஒரு கணினியை எட்டு மாதம் பழைய கெர்னலிலேயே ஓட்டியிருக்கிறேன்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது

சிஸ்டத்தின் அன்றைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. 2022 முதல் அதை லினக்ஸ் மின்ட் குழுவே பராமரிக்கிறது. மின்ட்டோடு கூடவே வருகிறது, உபுண்டுவில் தனியாக நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் முதல் ஸ்னாப்ஷாட் முழு இடத்தையும் எடுக்கும். அடுத்தடுத்தவற்றில் மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல் ஹார்டு லிங்க்கால் இணைத்துவிடுவதால் கொஞ்சம்தான் கூடும். கணினி எழும்பவே இல்லை என்றாலும், மின்ட்டின் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டில்) துவக்கி, டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, டிஸ்கைக் காட்டினால் போதும். கிரப் உட்பட நேற்றைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அரை மணி நேர வேலை, கோளாறு என்னவென்று தெரிந்திருக்கவும் தேவையில்லை.

கேட்பதற்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், மச்சான் கடையில் மாட்டிக்கொள்ளும் வரை.

ஆணி, திருகு விற்கும் ஹார்டுவேர் கடை. மின்ட் போட்ட ஒரு கணினி, அதில் பில் போடும் மென்பொருள், தரவெல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்டேட் முடிந்த பின் திரை வரவில்லை. கடை திறக்கும் நேரம், வாசலில் ஆள் நிற்கிறார்கள். நான் பழைய கெர்னலை முயன்றுகூடப் பார்க்கவில்லை. பென் டிரைவைச் செருகி, சனிக்கிழமை காலை எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன். இருபது நிமிடத்தில் கணினி எழும்பியது. பெருமையாக டீ குடிக்கப் போனேன். போன் வந்தது.

“மாப்ள, சனிக்கிழமை பில்லு, நேத்துப் பில்லு ஒண்ணையும் காணோமே?”

டைம்ஷிஃப்ட் வீட்டு அடைவை, அதாவது ‘/ஹோம்’-இல் உள்ள நம் கோப்புகளை, இயல்பாகத் தொடாது. படங்களும் கடிதங்களும் பத்திரம். ஆனால் மைஎஸ்கியூஎல் தன் தரவை வைப்பது ‘/வார்/லிப்’ அடைவில். டைம்ஷிஃப்ட்டின் கண்ணில் அது சிஸ்டத்தின் ஒரு பகுதி. சிஸ்டத்தைச் சனிக்கிழமை காலைக்குக் கொண்டுபோனபோது கடையின் கணக்கும் கூடவே போய்விட்டது. பில்களின் இரண்டாம் படிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணி வரை நானும் மச்சானும் ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினோம். தப்பு முழுக்க என்னுடையது. திருப்புவதற்கு முன் அதே லைவ் பென் டிரைவிலிருந்து அந்த ஒரு அடைவை வெளியே நகலெடுத்திருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

ஆகவே வீட்டில் படம் பார்க்க, இணையம் உலாவ, கடிதம் அடிக்கப் பயன்படும் கணினிக்கு டைம்ஷிஃப்ட் அருமையான வழி. தரவுதளம் ஓடும் கணினிக்கு அது கடைசிக்கு முந்தைய வழி.

இன்னும் இரண்டு விஷயம். டைம்ஷிஃப்ட்டை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தால்தான் இந்த வழியே இருக்கிறது. ஸ்னாப்ஷாட் இருக்கும் டிஸ்கே போய்விட்டால் அதுவும் போச்சு, ஆகவே அதை பேக்கப் என்று எண்ணக் கூடாது. அப்புறம், பின்வாங்கினால் கோளாறு தீர்வதில்லை, தள்ளித்தான் போகிறது. மறுநாள் அப்டேட் மேலாளர் அதே பேக்கேஜ்களை மறுபடி நீட்டும். எதனால் விழுந்தது என்று தெரியாமல் மறுபடி அழுத்தினால் மறுபடி விழும்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் நிறுவியிருப்பவர்களுக்கு ஸ்னாப்ஷாட் எடுப்பதும் திரும்புவதும் நொடிகளில் முடியும். ஆனால் ‘/பூட்’ தனியாக எக்ஸ்ட்4-இல் இருந்தால் அது ஸ்னாப்ஷாட்டில் சேராது. சிஸ்டம் பழையது, கெர்னல் புதியது என்று ஒட்டாமல் நிற்கும். அப்போது கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால்தான் எழும்பும்.

புதிதாகப் போடுவது

லினக்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. ‘ஃபார்மேட் அடிப்பது விண்டோஸ்காரன் வேலை’ என்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் போய் வெகு நாளாயிற்று. குறிப்பாக ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறும்போது பாதியில் நின்ற கணினிக்கு இதுவே நல்ல வழி. சாதாரண அப்டேட்டில் மாறுவது ஐம்பது பேக்கேஜ் என்றால், பதிப்பு மாற்றத்தில் ஆயிரக்கணக்கில் மாறும். பாதி 22.04, பாதி 24.04 என்று நிற்கும் ஒன்றை முழுமையாக்கலாம்தான். முழுமையாக்கியபின் அதை நம்பலாமா என்பதே கேள்வி. ஆறு மாதம் கழித்து வரும் ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் ‘அன்றைக்கு அரைகுறையாகச் செய்ததாலோ’ என்ற சந்தேகம் வரும்.

நேரக் கணக்கிலும் இது மோசமில்லை. மின்ட் 22-இன் நிறுவல் கோப்பு 3 ஜிபிக்குள், உபுண்டு 24.04-இன் கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி. நிறுவ அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் நம் மென்பொருள்களையும் பிரின்டரையும் திரும்ப அமைப்பதில் போகும். பழைய கணினி டெர்மினல் வரைக்கும் வருகிறது என்றால், முதலில் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ ஓட்டி, கையால் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் போனால், எந்தத் தமிழ் விசைப்பலகையை எப்படி அமைத்திருந்தோம் என்று யோசிப்பதிலேயே ஒரு மாலை போய்விடும்.

‘/ஹோம்’ தனிப் பகிர்வாக இருந்தால், நிறுவும்போது கைமுறைப் பகிர்வைத் தேர்ந்தெடுத்து, அதை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே இணைக்கலாம். தனியாக இல்லாவிட்டால் லைவ் பென் டிரைவில் துவக்கி எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு எடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி. தனிப் பகிர்வாக இருந்தாலும் நான் எடுத்துவிடுவேன். ஃபார்மேட் பெட்டியில் தவறாக ஒரு டிக் விழ ஒரு நொடி போதும்.

வேறு வழங்கலுக்குத் தாவுவது

கணினி கவிழ்ந்த அன்று யாராவது ஒருவர் ‘நீ ஃபெடோராவுக்கு வந்துவிடு’ என்பார். யோசனையில் விஷயம் இல்லாமல் இல்லை. ஃபெடோரா சில்வர்புளூவில் சிஸ்டம் முழுவதும் ஒரே படிமமாக மாறுகிறது. முந்தைய படிமம் துவக்கப் பட்டியலிலேயே காத்திருக்கும், அப்டேட் சரியில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஓபன்சூசே பிடிஆர்எஃப்எஸ்ஸோடு ஸ்னாப்பரைச் சேர்த்துத் தருகிறது. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்ஷாட் தானாக விழும், கிரப்பிலிருந்தே பழையதில் நுழையலாம். அரைகுறை என்ற நிலையே வராமல் பார்த்துக்கொள்வதில் இவை இரண்டும் உபுண்டு குடும்பத்தைவிட ஒரு படி மேல்தான். ஆனால் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும், பில் மென்பொருள் உபுண்டு குடும்பத்துக்கான டெப் கோப்பாக மட்டுமே கிடைத்தால் திண்டாட வேண்டும். தாவுவதானால் எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு வாரத்தில், இரண்டாவது கணினியில் தொடங்குங்கள். கவிழ்ந்த அன்று வேண்டாம்.

மச்சான் கடைக்கு என்ன முடிவு எடுத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே ஓடுவது மின்ட் 21. 2027 வரை அதற்கு ஆதரவு உண்டு. அதுவரை பதிப்பு மாற்றமே கிடையாது. வாராந்தர அப்டேட்டை ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது, யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டு ஓட்டுகிறோம். தினமும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் மைஎஸ்கியூஎல் டம்ப் ஒன்று, அதாவது முழுத் தரவின் நகல், தானாக எடுக்கப்பட்டு வெளி டிஸ்குக்குப் போகிறது. டைம்ஷிஃப்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் அதை அழுத்தும் முன் டம்ப் எடுத்தாயிற்றா என்று பார்க்கச் சொல்லி மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். மின்ட் 22-க்கு மாறும் நேரம் வரும்போது மேம்படுத்தும் கருவியைத் தொடப்போவதில்லை. புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் நிறுவி, தரவை ஏற்றி, பழைய டிஸ்கைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவோம். புதியது தகராறு செய்தால் நான்கு திருகுகளைக் கழற்றிப் பழையதை மாட்ட வேண்டியதுதான். திருகாணிக்கு அந்தக் கடையில் பஞ்சமில்லை.